சமையலறையில் முடிந்த விசாரணை

பரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 100 மீற்றர் மார்பு நீச்சல் இறுதிப்போட்டி 2024 ஜூலை 28ஆம் திகதி இரவு நடந்தது. இங்கே அப்போது அதிகாலை ஒரு மணி கடந்திருந்தது. பிரித்தானியாவின் அடம் பீற்றிக்காகவே நான் தூக்கம் விழித்திருந்தேன். ரியோவிலும் டோக்கியோவிலும் இதே போட்டியில் தங்கம் வென்றவர் அவர். ஒரே போட்டியில் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் என்பது ஆண்களில் அதுவரை மைக்கல் பெல்ப்ஸ் மட்டுமே செய்த காரியம்.

நடந்தது வேறு. ஓரமாக ஏழாவது தடத்தில் நீந்திய இத்தாலியின் நிக்கொலோ மார்ட்டினெங்கி 59.03 செக்கனில் சுவரைத் தொட்டார். பீற்றியும் அமெரிக்காவின் நிக் பிங்கும் 59.05. அந்த வேகத்தில் 0.02 செக்கன் என்பது ஏறக்குறைய மூன்றரை சென்ரிமீற்றர் தூரம். மறுநாள் பீற்றிக்கு கொவிட் தொற்று இருப்பது உறுதியானது. செய்திகள் எல்லாம் இதைச் சுற்றியே வந்தன.

என் கவனம் ஏழாவதாக வந்தவரிடம் போனது. சீனாவின் சின் ஹையாங். ஓராண்டுக்கு முன்னர் ஜப்பானின் புக்குவோக்காவில் நடந்த உலக நீச்சல் சம்பியன்ஷிப்பில் 50, 100, 200 மீற்றர் மார்பு நீச்சல் மூன்றிலும் தங்கம் வென்றவர். ஒரே சம்பியன்ஷிப்பில் அதை வேறு எவரும் செய்ததில்லை. 200 மீற்றரில் 2 நிமிடம் 5.48 செக்கன் என்ற உலக சாதனையும் அவருடையதே. பரிஸில் அவர் சோர்ந்துபோனதற்குக் காரணம் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அங்கு வந்தபோது தலைக்கு மேல் என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

2024 ஏப்ரலில் நியூயோர்க் ரைம்ஸும் ஜேர்மனியின் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியும் ஒரு செய்தியை வெளியிட்டன. 2021 ஜனவரியில் சீனாவில் நடந்த ஓர் உள்நாட்டுப் போட்டியின்போது 23 நீச்சல் வீரர்களின் மாதிரிகளில் டிரைமெற்றாசிடின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இருதய நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் மருந்து அது; விளையாட்டில் தடைசெய்யப்பட்டது. அந்த 23 பேரில் சின் ஹையாங்கும் ஒருவர் என்று அந்தச் செய்திகள் கூறின. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக இது வெளியுலகுக்குத் தெரியாது. இடையில் டோக்கியோ ஒலிம்பிக்கும் நடந்து முடிந்துவிட்டது.

விசாரித்தது யார்? சீனாவின் ஊக்கமருந்து தடுப்பு முகவரகம். அதாவது, உள்ளக விசாரணை. இந்தச் சொல்லை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. வீரர்கள் தங்கியிருந்த ஹோட்டலின் சமையலறையில், புகை வெளியேற்றியிலும் சரக்குத்தூள் பாத்திரங்களிலும் வடிகாலிலும் அந்த மருந்தின் தடயங்கள் இருந்ததாக அந்த விசாரணை சொன்னது. உணவு வழியாக உடலுக்குள் போயிருக்கிறது, எவர் மீதும் தவறில்லை என்று முடித்தது. இடைக்காலத் தடை இல்லை. பகிரங்க அறிவிப்பும் இல்லை. இருதய மருந்து ஒரு ஹோட்டல் சமையலறைக்குள் எப்படி வந்தது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

மறுபக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். இந்த முடிவை 2021இல் ஏற்றுக்கொண்ட உலக ஊக்கமருந்து தடுப்பு முகவரகத்தின் வாதம் வெறும் சாக்கு அல்ல. மாதிரிகளில் இருந்த மருந்தின் அளவு மிகக் குறைவு. சிலருடைய சோதனை முடிவுகள் ஒருமுறை மருந்து இருப்பதாகவும் மறுமுறை இல்லையென்றும் மாறி மாறி வந்தன. வெவ்வேறு மாகாணங்களிலிருந்து வந்த இத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒரே மருந்தை இவ்வளவு சிறிய அளவில் திட்டமிட்டு எடுப்பார்களா என்பது நியாயமான கேள்வி. கொவிட் கட்டுப்பாடுகளால் நேரில் போய் விசாரிக்க முடியவில்லை என்றும் முகவரகம் சொன்னது. அந்த வீரர்கள் குற்றமற்றவர்களாக இருக்க இடமுண்டு என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் இதே மருந்து, இன்னொரு நாடு. ரஷ்யாவின் பதினைந்து வயதுப் பனிச்சறுக்கு வீராங்கனை கமிலா வலியேவாவின் விவகாரம் 2022 பீஜிங் ஒலிம்பிக்கின் நடுவில் உலகமே பார்க்க வெடித்தது. அங்கேயும் உள்நாட்டு ஒழுக்காற்றுக் குழு அவர் மீது தவறில்லை என்று தீர்த்தது. அதை உலக முகவரகம் ஏற்கவில்லை. மேன்முறையீடு செய்தது, 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் நான்கு ஆண்டுத் தடை விதித்தது. இரண்டு வழக்குகளும் ஒன்றல்ல என்று முகவரகம் விளக்குகிறது. இருக்கலாம். ஆனால் ஒன்றில் உள்நாட்டுத் தீர்ப்பு மேலே கொண்டுபோகப்பட்டது, மற்றதில் கோப்பு சத்தமின்றி மூடப்பட்டது.

செய்தி வெளியானதும் முகவரகம் ஒரு சுயாதீன விசாரணையை அறிவித்தது. சுவிட்சர்லாந்தின் முன்னாள் அரச வழக்குத்தொடுநர் எரிக் கொற்றியே நியமிக்கப்பட்டார். நியமித்தது விசாரிக்கப்படவேண்டிய அதே முகவரகம். அது பக்கச்சார்பாக நடக்கவில்லை, மேன்முறையீடு செய்யாதது நியாயமான முடிவே என்று அவர் கண்டார். சீனத் தரப்பு சில விதிகளைப் பின்பற்றவில்லை என்பதையும் குறிப்பிட்டார். யாரும் சமாதானமாகவில்லை. அமெரிக்கா 2024ஆம் ஆண்டுக்கான தன் பங்களிப்புத் தொகையான சுமார் 36 இலட்சம் டொலரைக் கொடுக்க மறுத்தது. இதில் நீதி உணர்வு எவ்வளவு, சீனாவுடனான அரசியல் எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்ப்பது கடினம். வல்லரசுகள் விசாரணை கேட்கும்போது இந்தச் சந்தேகம் எனக்கு எப்போதும் வரும். அதற்காகக் கேள்வி பிழையாகிவிடாது.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் தண்ணீருக்குள் இருந்தவர்கள். பரிஸில் சீன நீச்சல் வீரர்கள் அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து சராசரியாக 21 தடவைகள் சோதிக்கப்பட்டிருந்தார்கள். அமெரிக்கர்கள் 6 தடவைகள், அவுஸ்திரேலியர்கள் 4. தங்கள் தயாரிப்பைக் குழப்பும் தந்திரம் இது என்று சின் ஹையாங் சமூக ஊடகத்தில் பொருமினார். 2021இல் கதவைத் திறந்துவைத்து விசாரித்திருந்தால், 2024இல் அவரை இத்தனை தடவை எழுப்பி மாதிரி கேட்டிருக்கவேண்டியதில்லை.

ஓகஸ்ட் 4ஆம் திகதி ஆண்களுக்கான கலப்பு அஞ்சல் நீச்சல். சீனாவுக்காக மார்பு நீச்சல் பகுதியை நீந்தியவர் சின்; பிரித்தானியாவுக்காகப் பீற்றி. சீனா தங்கம் வென்றது. அணியின் நால்வரில் இருவர் அந்த 23 பேரில் உள்ளவர்கள். பிரித்தானியா நான்காவது இடம். நியாயமாக வெல்லாவிட்டால் வெற்றியில் என்ன இருக்கிறது என்ற பொருளில் பீற்றி பேசினார். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் அவர் கையில் ஆதாரம் இல்லை. சின்னின் கையிலும் தன்னை விடுவிக்கும், மற்றவர்கள் நம்பக்கூடிய தீர்ப்பு இல்லை.

2025 ஜூலை 28, சரியாக ஓராண்டு. சிங்கப்பூரில் உலக சம்பியன்ஷிப், அதே 100 மீற்றர். சின் ஹையாங் 58.23 செக்கனில் தங்கம், மார்ட்டினெங்கி 58.58இல் வெள்ளி, கிர்கிஸ்தானின் டெனிஸ் பெட்ராஷொவ் வெண்கலம். 200 மீற்றரிலும் சின்னுக்கே தங்கம் கிடைத்தது. இம்முறையும் பார்த்தேன். அழகான நீச்சல். முடிந்ததும் நான் தேடிப் படித்தது அந்த நேரங்களை அல்ல, அந்த ஹோட்டல் சமையலறையைப் பற்றி ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா என்பதை. எதுவும் வந்திருக்கவில்லை.