உறக்கத்தில் பற்கடிப்பும் நம் தீர்ப்பும்



இரவு உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்கள் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. கடிப்பவர் அதை அறியார். அருகில் படுத்திருப்பவருக்கே அந்த ஓசை கேட்கும். காலையில் அது பேச்சாகிறது. "உள்ளத்தில் யார்மேலோ கசப்பு இருக்கிறது" என்கிறார் ஒருவர். "அறிக்கையிடாத பாவம் ஏதோ உண்டு" என்கிறார் மற்றொருவர். சிறு பிள்ளையாயின், "வயிற்றில் பூச்சி" என்று காரியம் முடிந்துவிடுகிறது. இத்தீர்ப்புகளை விசுவாசிகளாகிய நாம் கைவிட வேண்டும் என்பதே என் எண்ணம்.

'பற்கடிப்பு' என்றவுடன் நமக்கு அச்சம் எழுவது இயல்பே. இயேசு அழுகையோடு சேர்த்து அந்தச் சொல்லை உரைத்ததை மத்தேயு 6 இடங்களிலும் லூக்கா 1 இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். ஸ்தேவானின் வார்த்தைகளைக் கேட்டவர்கள் மூர்க்கமடைந்து அவன்மேல் பல்லைக் கடித்ததை அப்போஸ்தலர் 7ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆனால் அவ்விடங்களில் பேசப்படுவது விழிப்புள்ள மனிதரின் கோபமும் வேதனையும். தன்னை மறந்து உறங்குகிறவனின் தாடை அசைவுக்கு அவ்வசனங்களைப் பொருத்துவது தகாது.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வரும் பிள்ளையை நினைவூட்டுவோரும் உண்டு. அங்கே பற்கடிப்பு மட்டுமா சொல்லப்பட்டிருக்கிறது? நுரைதள்ளுதலும், சோர்ந்துபோதலும், தீயிலும் தண்ணீரிலும் விழுதலும் கூடவே உள்ளன. அவற்றை விட்டுவிட்டு ஓர் அடையாளத்தை மாத்திரம் பிடுங்கி, உறங்கும் பிள்ளையின்மேல் ஒட்டுவது வேதத்தைச் சரியாய் வாசிப்பதாகாது.

மருத்துவர்கள் சொல்வதைக் கேளுங்கள். உறக்கத்தில் பற்கடிப்பு பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்தில் அல்ல, உறக்கம் லேசாய் இருக்கும் வேளைகளில், மூளை சில நொடிகள் விழிப்பை நோக்கி எழும்பும்போது நிகழ்கிறது. மனஅழுத்தம், பரம்பரை, காபி, மது, புகையிலை, மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகள் ஆகியவை அதற்குத் துணைபோகலாம். உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களிடத்திலும் இது காணப்படுவதுண்டு. வேறு நோயில்லாதவரிடத்தில் இதை ஒரு நோயாகவே கருத வேண்டியதில்லை என்று 2018இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி எழுதினார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் வளர வளர இதிலிருந்து நீங்கிவிடுகிறார்கள். பூச்சித் தொல்லைக்கு மருந்து உண்டு. ஆயினும் பற்கடிப்பு ஒன்றே அதற்குச் சான்றாகாது.

அப்படியானால் கவலையின்றி இருந்துவிடலாமா? கூடாது. பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் நம் சரீரத்திலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் ஒருமுறை தேய்ந்தால் மீண்டும் வளராது. காலையில் தாடை அயர்ந்திருத்தல், நெற்றிப்பொட்டில் வலி, குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுதல், பல் முனைகள் தட்டையாதல் ஆகியவற்றைக் கண்டால் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். வாயின் அளவெடுத்து அவர் செய்து தரும் நைட் கார்டு பற்களைக் காக்கும். பழக்கத்தை நிறுத்தாது, தேய்மானத்தைத் தடுக்கும். குறட்டையும் மூச்சுத்திணறலும் சேர்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதிருங்கள். உட்கொள்ளும் மருந்தின்மேல் சந்தேகம் எழுந்தாலும் நீங்களாகவே நிறுத்திவிடாதிருங்கள்.

பகலில் நிகழ்வதையும் கவனியுங்கள். "பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன்" என்று நாம் சொல்வதுண்டு. கடன், பிள்ளையின் படிப்பு, மருத்துவச் செலவு இவற்றைச் சுமக்கிற பலர் உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறார்கள். நாம் மெல்லாமலும் விழுங்காமலும் இருக்கும் வேளையில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாதிருப்பதே இயல்பு: உதடுகள் மூடியிருக்கட்டும், பற்களுக்கிடையே சிறு இடைவெளி இருக்கட்டும். கணினியின்முன் அமரும்போதும், வண்டி ஓட்டும்போதும், அடுப்படியில் நிற்கும்போதும் தாடை இறுகியிருக்கிறதா என்று பார்த்துத் தளர்த்துங்கள். மாலைக்குப்பின் காபியைத் தவிருங்கள். படுக்குமுன் கைபேசியை அப்புறம் வைத்து, அமைதியாய் ஜெபித்து உறங்கச் செல்லுங்கள். ஜெபமும் மருத்துவமும் ஒன்றையொன்று பகைப்பவை அல்ல.

சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிப் படுத்துக்கொண்ட எலியாவுக்குக் கர்த்தர் முதலில் அளித்தது கடிந்துகொள்ளுதல் அல்ல. உறக்கமும் அப்பமும் தண்ணீரும். சோர்ந்த சரீரத்தை அவர் அப்படி நடத்தினாரென்றால், தன் சகோதரியின் உறக்க ஓசையைக் கேட்டு அவளுடைய ஆத்துமாவுக்குத் தீர்ப்பெழுத நாம் யார்? அடுத்தமுறை ஒருவர் வெட்கத்தோடு இதைச் சொல்லும்போது, "என்ன பாவம் செய்தாய்?" என்று ஆராயாதிருங்கள். "என்ன பாரம் சுமக்கிறாய்? மருத்துவரிடம் போக நான் உடன் வரட்டுமா?" என்று கேளுங்கள். சபை செய்யவேண்டிய ஊழியம் அதுவே.

சமாதானத்தின் தேவன் உங்கள் இரவுகளுக்கு இளைப்பாறுதல் தருவாராக. ஆமென்.