மூட்டு வலிக்கும் தசை வலிக்கும் பயிற்சியே முதல் சிகிச்சை: எங்கள் நிலைப்பாடு

முழங்கால் தேய்மானம், நாள்பட்ட இடுப்பு வலி, கழுத்து வலி, தோள்பட்டை இறுக்கம், குதிகால் வலி ஆகியவற்றுக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை உடற்பயிற்சி. அது நோயாளியின் நிலைக்கேற்ப வகுத்து, கற்றுக்கொடுத்து, தொடர்ந்து கவனிக்கப்படும் பயிற்சியாக இருக்க வேண்டும். மாத்திரை, ஊசி, கருவிச் சிகிச்சை, அறுவை சிகிச்சை ஆகியவை தேவையான இடத்தில் அதற்குத் துணையாகவோ அதன் பிறகோ வரலாம். அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் இயன்முறை சிகிச்சை அளிப்பவர்களின் அமைப்பு என்ற முறையில் இதுவே எங்கள் நிலைப்பாடு.

இப்போது நடப்பது என்ன

முழங்கால் வலிக்கத் தொடங்கியதும் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்குகிறோம். சில மாதம் கழித்து எக்ஸ்ரே. "எலும்பு தேய்ஞ்சு போச்சு, மாடி ஏறாதீங்க, கீழே உட்காராதீங்க" என்ற அறிவுரையோடு நோயாளி வீடு திரும்புகிறார். பயத்தில் நடையைக் குறைக்கிறார். சில வாரங்களிலேயே தொடைத் தசை இளைக்கிறது, தசை தாங்க வேண்டிய சுமை மூட்டின் மேல் இறங்குகிறது, வலி கூடுகிறது, நடை மேலும் குறைகிறது. மாத்திரை மட்டும் தொடர்கிறது. டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் தின்றால் வயிற்றில் புண் வரலாம், ரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகம் கெடலாம். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இதையெல்லாம் கடந்த பிறகு, கடைசிப் படியாகத்தான் எங்களிடம் அனுப்பப்படுகிறார்கள். நாற்று நடுபவருக்கும் குழித்தறியில் உட்கார்ந்து மிதி மிதிப்பவருக்கும் "ஓய்வெடுங்கள்" என்று சொல்வதால் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது வேலையைத் தாங்கும் உடல்.

ஆய்வுகள் காட்டுவது

2020இல் உலகெங்கும் சுமார் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியோடு வாழ்ந்ததாக மதிப்பிடப்பட்டது. குறிப்பிட்ட நோய் எதுவும் காரணமாக இல்லாத நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் தன் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. நோயாளிக்குத் தெளிவான விளக்கமும் பயிற்சித் திட்டமும் தர வேண்டும் என்கிறது அது. இடுப்பு பெல்ட்டையும் டிராக்‌ஷன் எனப்படும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. இந்த இரண்டும் நம் ஊரில் அன்றாடம் எழுதித் தரப்படுபவை.

படுக்கை ஓய்வின் கதையும் பழையதுதான். ஏழு நாள் படுக்கையையும் இரண்டு நாள் படுக்கையையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் 1986இல் ஓர் ஆய்வு வெளியானது. வலி குறைவதில் வித்தியாசமில்லை. இரண்டு நாளில் எழுந்தவர்கள்தான் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள்.

ஸ்கேனைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஜவ்வு விலகியிருக்கு" என்று எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பார்த்து நொறுங்கிப்போகிறவர்கள் பலர். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு எனப்படும் முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருந்தது. படத்தில் தெரிகிற மாற்றமெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது.

முழங்கால் தேய்மானத்திலும் இதே பாடம்தான். தேய்ந்த மூட்டைத் துளை வழியே கழுவிச் சுத்தம் செய்யும் சிகிச்சை, தோலை மட்டும் கீறிவிட்டுத் தைத்த போலி அறுவையைவிட மேலான பலன் தரவில்லை என்பது 2002இலேயே நிறுவப்பட்டுவிட்டது. டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய திட்டம், விளக்க வகுப்புகளோடு ஆறு வாரம், வாரம் இரண்டு முறை குழுவாகப் பயிற்சி தந்து இப்போது பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. எடையும் முக்கியம்: உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் ஏறும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது.

பயிற்சி என்று நாங்கள் சொல்வது எது

அச்சடித்த ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்புவது பயிற்சிச் சிகிச்சை ஆகாது. முழங்கால் தேய்மானத்துக்கு நாங்கள் தரும் எளிய பயிற்சி, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. தொடக்கத்தில் இருக்கையில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுவோம். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, மார்பை முன்னே சாய்த்து, கை ஊன்றாமல் எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழக் கூடாது. மூன்று எண்ணும் வரை மெல்ல இறங்க வேண்டும். தசை பலம் பெறுவது அந்த இறக்கத்திலும்தான். எட்டுப் பத்து முறை செய்து, இளைப்பாறி, மறுபடி ஒரு சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். எளிதாகிவிட்டால் தலையணையை எடுத்துவிடுவோம். பிறகு கையில் இரண்டு கிலோ அரிசிப் பை.

செய்யும்போது வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம். அது மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லையென்றால் அளவைக் குறைப்போம், பயிற்சியை விட்டுவிட மாட்டோம். இந்த ஒரு விதியைப் புரிய வைப்பதிலேயே பாதிப் பயம் விலகுகிறது.

எல்லா வலிக்கும் ஒரே பயிற்சி கிடையாது. சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும் தோள்பட்டை இறுக்கத்தில், வலி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் கையை முறுக்கி இழுக்கக் கூடாது. மெல்ல அசைத்து, இறுக்கம் தளரத் தளர வீச்சைக் கூட்ட வேண்டும். அது குணமாக மாதக்கணக்கில் ஆகும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்

1. அரசுக்கு: கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. அதை வரவேற்கிறோம். அடுத்த கட்டமாக, ஆரம்ப சுகாதார நிலையங்களில் முழங்கால், இடுப்பு வலிக்காரர்களுக்கு வாரந்தோறும் குழுப் பயிற்சி வகுப்பு வேண்டும்; அதற்கேற்ற பணியிடங்களும் வேண்டும். 2021ஆம் ஆண்டின் தேசிய சட்டம் எங்கள் துறைக்குத் தந்த அங்கீகாரத்தைக் கொண்டு, உரிய படிப்பில்லாமல் சிகிச்சை தருவதைக் கறாராகத் தடுக்க வேண்டும்.

2. மருத்துவர்களுக்கு: எச்சரிக்கை அறிகுறி இல்லாத வலிக்கு உடனே ஸ்கேன் எழுத வேண்டாம். முதல் சந்திப்பிலேயே பயிற்சிக்குப் பரிந்துரையுங்கள். "தேய்ந்துவிட்டது, இனி அவ்வளவுதான்" என்ற சொல் நோயாளியை முடக்குகிறது, தவிருங்கள்.

3. வேலை தருவோருக்கு: கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்திருத்தம் செய்தது. இருக்கையைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

4. எங்கள் துறையினருக்கு: பத்து நாள் 'கரண்ட் வைத்து' அனுப்புவதை மட்டுமே சிகிச்சையாக நடத்தக் கூடாது. மூட்டுத் தேய்மானத்துக்கு அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் கருவிகளைத் தர வேண்டாம் என்று பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. வருகிறவர் தானே செய்துகொள்ளக் கற்றுத்தருவதுதான் எங்கள் முதல் கடமை. அதற்கு முரணாகக் கட்டணம் வாங்கும் எந்த முறையையும் இந்த அமைப்பு ஏற்காது.

பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, கால் பலமிழந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது, இரவெல்லாம் தணியாத வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் விரல்கள் விறைத்து, மூட்டுகள் வீங்கினால் அது வாத நோயாக இருக்கலாம்; அதற்குத் தனி மருந்து உண்டு. மூட்டு முற்றிலும் கெட்டு, பயிற்சியும் மருந்தும் பலிக்காதவருக்கு மூட்டு மாற்று அறுவை நல்ல சிகிச்சை என்பதையும் நாங்கள் மறுக்கவில்லை. அதற்கு முன்பும் பின்பும் தசைக்குப் பயிற்சி தேவை.

மலிவான, பாதுகாப்பான, பலன் நிரூபிக்கப்பட்ட ஒரு சிகிச்சை ஏழை நோயாளிக்குக் கடைசியில் கிடைப்பது அநீதி. வலியோடு வருகிறவரின் முதல் சீட்டிலேயே பயிற்சியும் எழுதப்பட வேண்டும். அதைக் கற்றுத்தரத் தகுதியுள்ள ஒருவர் அவர் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்க வேண்டும். இவ்விரண்டும் நடைமுறைக்கு வரும் வரை இந்த நிலைப்பாட்டை எல்லா மன்றங்களிலும் வலியுறுத்துவோம்.