மர்மம் விடையாகுமா?

விளங்காத ஒலி எதுவாயினும் விண்ணவர் குரலென்றோ ஆழ்கடல் அரக்கனின் முழக்கமென்றோ எழுதிக் குவிப்போர் பெருகிவிட்டனர். கடலடி ஓசையையும் வானொலிச் சமிக்ஞையையும் ஒரே மூட்டையிற் கட்டி 'மர்மம்' என முத்திரையிடும் இவ்வழக்கம் ஆய்வறிவுக்கு ஊறு விளைப்பதாகும்.

அம்மூட்டையை அவிழ்த்து நோக்குதல் தகும். 1967இல் கேம்பிறிட்ஜில் ஆய்வு மாணவியாயிருந்த ஜொஸ்லின் பெல், ஏறத்தாழ 1.34 செக்கனுக்கு ஒருமுறை துடிக்கும் சமிக்ஞையொன்றைக் கண்டார். அதற்குச் 'சிறிய பச்சை மனிதர்' என வேடிக்கையாகப் பெயரிட்டபோதும் ஆய்வாளர் தேடலை நிறுத்தினரல்லர். வானின் வேறொரு திசையிலும் அத்தகைய துடிப்பைப் பெல் கண்டதும் கற்பனை வீழ்ந்தது. சுழலும் நியூத்திரன் விண்மீன் புலப்பட்டது. 1997இல் தென் பசிபிக்கில் நீரடி ஒலிவாங்கிகள் பதிந்த 'புளூப்' எனும் பேரொலி, பிற பனிப்பிளவு ஒலிகளோடு ஒப்பிடப்பட்டுப் பெரும் பனிக்கட்டி பிளந்த ஓசையெனத் தெளிந்தது. அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியை ஆண்டுக்கணக்கில் மயக்கிய 'பெரிற்றன்' சமிக்ஞைகளோ, இயங்கிக்கொண்டிருந்த நுண்ணலை அடுப்பின் கதவைத் திறந்ததால் எழுந்தவை என்பது 2015இல் நிறுவப்பட்டது.

இவை துலங்கியமைக்குக் காரணம் யாது? ஒப்புநோக்க இணைகள் கிடைத்தன. 1977 ஆகஸ்ட் 15இல் ஓஹியோவில் 72 செக்கன் பதிவான 'வாவ்' சமிக்ஞைக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. பன்முறை தேடியும் அது மீளக் கேட்கவில்லை. எனவே, "இன்னும் அறியோம்" என்பதே அதற்குரிய நேர்மையான விடை. அறியாமையை ஒப்புக்கொள்வது இழிவன்று. அதனையே அறிவென விற்பதுதான் இழிவு.