இல்லாத கார்ப்பரேட்டருக்கு பில்!

நெல்லை வண்ணார்பேட்டை பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். ஸ்கூட்டரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். சாயங்காலம் எடுக்கப் போனேன்.

"அண்ணாச்சி, கார்ப்பரேட்டரைக் கழட்டி கிளீன் பண்ணியாச்சு. இனி பறக்கும்லா!" என்றார் மெக்கானிக். அதற்கு மட்டும் பில்லில் 350 ரூபாய்.

வண்டி 2021-ல் வாங்கியது. அதில் கார்ப்பரேட்டரே கிடையாது!

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி அமலுக்கு வந்தது. அதன்பின் வந்த பெரும்பாலான இரு சக்கர வண்டிகளில் பெட்ரோலை அளந்து தெளிப்பது இன்ஜெக்டர். "கார்ப்பரேட்டர் எங்கே இருக்கு, காட்டுங்க" என்றேன். 350 ரூபாய் அடிபட்டது. பெயர் தெரிந்ததால் தப்பித்தேன். தெரியாதவர் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

பணம் மட்டுமா போகும்?

"பிரேக் பிடிக்கல" என்று சொல்லி வண்டியை விடுகிறோம். கம்பியை முறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு நாள் பிடிக்கும். அப்புறம் பழைய கதைதான்.

டிரம் பிரேக்கில் உரசி வண்டியை நிறுத்துவது ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங். அது தேய்ந்துபோனால் கம்பியை எத்தனை முறுக்கு முறுக்கியும் பயனில்லை. ஷூவையே மாற்ற வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் தேய்வது பேட்.

பின்னால் மனைவி, முன்னால் பிள்ளை. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் இறங்குகிறீர்கள். எதிரே பஸ். அந்த நேரம் ஷூ தேய்ந்திருந்தால்? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது!

"ஷூவைக் கழட்டிக் காட்டுங்க" என்ற ஒரு வார்த்தை போதும். மெக்கானிக் உஷாராகிவிடுவார்.

ஸ்டெப்னி வந்த கதை

இதெல்லாம் இங்கிலீஷ், நமக்கு வராது என்று ஒதுங்க வேண்டாம். வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில் ஸ்டெப்னி என்று ஒரு தெரு. 1904-ல் அங்கே உருவான மாற்றுச் சக்கரத்துக்கு அந்தத் தெருப் பெயரே வந்தது. இன்று பேட்டை லாரி கிளீனர் பையன்கூட "ஸ்டெப்னி எடுலே" என்கிறான். அது வந்த வாயில் ஷூவும் பேடும் வராதா?

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுபவர் அல்ல. கை சுத்தமானவர்கள் நிறைய உண்டு. அவர்கள் பேரும் சேர்ந்து கெடக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது என்ன?

ஒர்க்‌ஷாப்காரர்கள் எந்த வேலைக்கு என்ன கூலி என்று தமிழில் போர்டு வைக்கட்டும். பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பில்லில் தனித்தனியே எழுதட்டும். கழட்டிய பழைய பாகத்தை வண்டிக்காரர் கையில் கொடுக்கட்டும்.

நாமும் பில் கேட்டு வாங்க வேண்டும். செய்த வேலைக்கு பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்.

கத்திரிக்காயைக்கூட அமுக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? உயிரைச் சுமக்கும் வண்டியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விடலாமா?