வலி நீங்கின் நோய் நீங்குமோ?

விழா மலரிலே கல்லூரியின் பெருமை பேசுதல் மரபு. ஆயினும், நடுவயதைக் கடந்த பழைய மாணவருட் சிலர் வாதரத்தத்தால் நடை தளர்ந்திருத்தலின், அந்நோயைப் பற்றி இரண்டொரு சொற் கூறுதல் பிழையாகாது எனக் கருதுகின்றோம்.

குருதியிலே யூரிக் அமிலம் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைக் கடக்குமாயின், ஊசி போன்ற பளிங்குகளாய் மூட்டுக்களிலே படியத் தலைப்படும். பெரும்பாலும் காற்பெருவிரலின் அடியிலே வீக்கமும் பொறுத்தற்கரிய வலியும் தோன்றும். நம்மவர் செய்வது யாது? கடையிலே வலிக்குளிசை வாங்கி விழுங்குகின்றனர். சின்னாளில் வலி அடங்க, நோயும் போயிற்றென மகிழ்கின்றனர். பளிங்கோ மூட்டினுள்ளே இருந்தபடியே இருக்கின்றது.

இவ்வழக்கம் எங்கும் தீது; வன்னியிலே மிகத் தீது. 1990-களில் வடமத்திய மாகாணத்திற் கவனத்துக்கு வந்த, காரணம் தெளியப்படாத சிறுநீரக நோய் வவுனியாக் கமக்காரரையும் பற்றியுள்ளது. யூரிக் அமிலத்தின் பெரும்பகுதியை வெளியேற்றுவது சிறுநீரகமே. அது நலிந்தால் அமிலம் தேங்கும்; அடிக்கடி உண்ணும் வலிக்குளிசைகளோ அந்நலிவை மிகுவிக்கும்.

வேரைத் தொடும் மருந்து இல்லாமலில்லை. 1966-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற அலோபியூரினோல், யூரிக் அமிலம் உண்டாதலையே குறைப்பது. அதனை ஆக்கிய ஆய்வுக்குழுவின் தலைவர்களான ஹிச்சிங்ஸ், எலியன் ஆகிய இருவரும் 1988-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். சிறுநீரகத்தின் நிலையறிந்து, சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, குருதியிலுள்ள அளவை 6-க்குக் கீழே நிறுத்துதல் முறை. முதற் சில மாதங்களில் வலி மீண்டும் தோன்றலாம். அதுகண்டு மருந்தைக் கைவிடுவோர் பலர். பழைய பளிங்கு கரையும்போது நேர்வதே அது. அதற்கென வைத்தியர் கொல்கிசின் முதலிய துணைமருந்து தருவர். ஆனால், தோலிலே தடிப்புத் தோன்றினால் மருந்தை உடனே நிறுத்தி வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். அரிதாயினும் அது உயிருக்கு ஊறு விளைக்கக்கூடியது.

இறாலையும் கள்ளையும் விலக்கினாற் போதும் என்பாரும் உளர். விலக்குதல் நன்றே, ஆயின் அதனாற் குறைவது சிறிதே.

இரணைமடுக் கட்டை வெள்ளம் வந்தபின் திருத்த எண்ணுவார் யார்? வலியில்லாத நாளிலும் மருந்துண்ணும் பொறுமையும் அத்தகைய முற்காப்பே. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வாழும் நம் மாணவர், பெற்றோரின் கையிலுள்ள குளிசை யாதென வினவுக. குருதியையும் சிறுநீரகத்தையும் சோதிக்க அவர்களை அழைத்துச் செல்க. கற்ற கல்வி வீட்டுக்குப் பயன்படும் வழிகளுள் இதுவும் ஒன்றென்பது எமது துணிபு.