பார்க்கும் கண்ணும் கேட்கும் காதும்: பணியிடக் கண்காணிப்பின் எல்லை எது?

கொழும்பின் புடைவைக் கடைகள் தொடக்கம் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தின் தொழிற்சாலைகள் வரை, கண்காணிப்புக் கமரா இல்லாத பணியிடத்தைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. களவைத் தடுக்கவும் விபத்துகளை ஆராயவும் அவை உதவுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. தனது முதலீட்டைப் பாதுகாத்துக்கொள்ளும் உரிமை தொழில் வழங்குநருக்கு உண்டு. ஆயினும், அக்கமராக்களுள் பல காட்சியை மட்டுமன்றி ஒலியையும் பதிவுசெய்ய வல்லவை என்பது அங்கு பணிபுரிவோருக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. பார்ப்பதையும் ஒட்டுக்கேட்பதையும் சட்டம் ஒரே தராசில் வைக்கலாமா என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

இவ்விடயத்தில் ஐரோப்பிய நீதிமன்றங்களின் அனுபவம் கவனத்திற்குரியது. ஸ்பெயினின் சுப்பர் மார்க்கெட் ஒன்றில் பொருட்கள் தொடர்ந்து காணாமற்போனதை அடுத்து, 2009ஆம் ஆண்டில் காசாளர் பகுதியில் இரகசியக் கமராக்கள் பொருத்தப்பட்டன. அதன்மூலம் வேலை இழந்தோரின் வழக்கில், 2019ஆம் ஆண்டு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தொழில் வழங்குநர் பக்கமே தீர்ப்பளித்தது. பாரதூரமான சந்தேகத்திற்கு நியாயமான காரணம் இருந்தமையும், கண்காணிப்பு சில நாட்களுக்கும் குறிப்பிட்ட இடத்திற்கும் மட்டுப்பட்டிருந்தமையுமே அதற்குக் காரணங்கள். மறுபுறம், ருமேனியப் பொறியியலாளர் ஒருவரின் இணையவழி உரையாடல்களை அவரது நிறுவனம் கண்காணித்து அவரைப் பதவி நீக்கிய வழக்கில், 2017ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் ஊழியர் பக்கம் நின்றது. கண்காணிப்பின் தன்மையையும் அளவையும் ஊழியருக்கு முன்கூட்டியே அறிவித்தல் அவசியம் என அது வலியுறுத்தியது.

ஒலிப்பதிவு குறித்து ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தெளிவான நிலைப்பாட்டை எடுத்திருந்தது. சூதாட்ட விடுதி ஒன்று, ஏற்கனவே பாதுகாப்பு ஏற்பாடுகள் இருக்கையில், மேலதிகமாக ஒலிவாங்கிகளையும் பொருத்தியிருந்தது. ஊழியரினதும் வாடிக்கையாளரினதும் தனிப்பட்ட உரையாடல்களையும் கைப்பற்றும் அச்செயல் அவசியமற்றது என்றும், அந்தரங்க உரிமையை மீறுவது என்றும் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கமரா ஒருவரின் செயலைக் காட்டுகிறது. ஒலிவாங்கியோ அவரது குடும்பக் கவலையை, நோயை, நம்பிக்கையை, தொழிற்சங்க ஆலோசனையை எல்லாம் அள்ளிச் செல்கிறது.

எமது நாட்டில் நிலைமை என்ன? இலங்கையின் அரசியலமைப்பு அந்தரங்கத்தைத் தனியானதோர் அடிப்படை உரிமையாக வெளிப்படையாகக் கூறவில்லை. அடிப்படை உரிமை மீறல் மனுக்களும் நிறைவேற்றுத்துறை அல்லது நிர்வாகத்துறையின் செயல்களுக்கு எதிராகவே தாக்கல் செய்யக்கூடியவை. எனவே தனியார் நிறுவன ஊழியருக்கு அக்கதவு பெரும்பாலும் மூடப்பட்டே உள்ளது. அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் 17ஆம் உறுப்புரையைக் கொண்ட குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் இணைந்துகொண்டது. ஆனால், 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தில் அந்த உறுப்புரை உள்வாங்கப்படவில்லை.

இக்குறையை ஓரளவு நிவர்த்திக்கக்கூடியது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமாகும். தெளிவான நோக்கம், தேவைக்கு மிஞ்சாத சேகரிப்பு, வரையறுத்த காலத்திற்கே சேமிப்பு, வெளிப்படைத்தன்மை ஆகியவற்றை அது கடமையாக்குகிறது. இனத்தையும் சமய நம்பிக்கையையும் வெளிப்படுத்தும் தரவுகளுக்கு விசேட பாதுகாப்பையும் அளிக்கிறது. எனினும், 2025 மார்ச்சில் செயற்பட வேண்டியிருந்த அதன் பிரதான ஏற்பாடுகள் பிற்போடப்பட்டன. தாமதத்தின் விலையை நிறுவனங்கள் அல்ல, ஊழியர்களே செலுத்துகின்றனர்.

சிறுபான்மையினர் இதனைச் சாதாரண விடயமாகக் கருத முடியாது. யுத்த காலத்தில் பேசும் மொழியே சந்தேகத்திற்குக் காரணமாக அமைந்ததைத் தமிழ் மக்கள் அறிவர். 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் பெண்களின் ஆடை பணியிடங்களிலும் கேள்விக்குள்ளாக்கப்பட்டதை எவரும் மறந்துவிடவில்லை. தமிழில் பேசப்பட்ட ஒரு வார்த்தை, அம்மொழி அறியாத அதிகாரியிடம் ஒலிப்பதிவாகச் சென்றால் எவ்வாறு விளங்கிக்கொள்ளப்படும்? தொழுகை அறையின் வாசலை நோக்கிய கமரா எதனைப் பாதுகாக்கிறது? பயத்துடன் கேட்கப்படும் சம்மதமும் உண்மையான சம்மதமாகாது. மாதச் சம்பளத்தை நம்பியிருப்பவர், படிவத்தில் கையொப்பமிட மறுப்பது இலகுவானதல்ல.

ஆகவே, தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை பணியிடங்களுக்கென வழிகாட்டல்களை வெளியிடுவது அவசியமாகும். கமரா எங்குள்ளது, எதற்காக, பதிவு எத்தனை நாள் வைத்திருக்கப்படும், யார் பார்ப்பார் என்பன சிங்களத்திலும் தமிழிலும் ஊழியர்களுக்கு எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். உடை மாற்றும் அறைகள், கழிப்பறைகள், தொழுகை அறைகள், ஓய்வறைகள் ஆகியவற்றில் கமராக்கள் முற்றாகத் தடைசெய்யப்பட வேண்டும். ஒலிப்பதிவு பொதுவாக விலக்கப்பட்டு, தவிர்க்க முடியாத காரணத்தை எழுத்தில் நிரூபிக்கும் பொறுப்பு தொழில் வழங்குநரிடமே இருத்தல் வேண்டும். இரகசியக் கண்காணிப்பு, குற்றம் பற்றிய நியாயமான சந்தேகம் உள்ளவிடத்து மாத்திரம், குறுகிய காலத்திற்கே அனுமதிக்கப்படலாம். தொழிற்சங்கங்களும் இக்கோரிக்கைகளைக் கூட்டு உடன்படிக்கைகளில் உள்ளடக்க முன்வர வேண்டும்.

தொழிலாளி தனது உழைப்பையே நிறுவனத்திற்கு விற்கிறார், தனது வாழ்வை அல்ல. அந்த வேறுபாட்டை எழுத்திலும் நடைமுறையிலும் உறுதிசெய்வது அரசின் கடப்பாடாகும்.