கழுத்து வீக்கமும் களைப்பும்

கழுத்திலே வீக்கம் கண்டால், "உப்பிலே அயடீன் காணாது" என்று சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். ஒரு காலத்தில் அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. ஆனால், இலங்கையில் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்க்க வேண்டுமென 1995இல் சட்டம் வந்த பின்னரும் தைரொயிட் நோய் எங்கள் பெண்களை விட்டுப் போகவில்லையே, ஏன்?

கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, சிலரில் சொந்தத் தைரொயிட் சுரப்பியையே அந்நியன் என எண்ணித் தாக்குகிறது. இந்நோயை 1912இல் முதன்முதலாக விவரித்தவர் ஹஷிமொட்டோ என்ற ஜப்பானிய வைத்தியர். அவர் விவரித்த நால்வருமே பெண்கள். இன்றும் ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு அதிகம்.

சுரப்பி மெல்ல மெல்லவே பழுதாகிறது. களைப்பு, உடல் பருத்தல், மலச்சிக்கல், முடி உதிர்தல், குளிர் தாங்காமை, மாதவிடாய் கூடுதலாகப் போதல், மனச்சோர்வு... எதைச் சொன்னாலும் வீட்டில் "வயது போகுது", "சோம்பல்" என்றுதான் பதில் வரும். பன்னிரண்டு வருடங்களாக இந்நோயுடன் வாழும் எனக்கும், காலை பத்து மணிக்கே பாயைத் தேடிய நாட்களில் அந்தப் பட்டம் கிடைத்தது. பட்டம் கொடுக்குமுன் ஒரு ரி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமே!

ரி.எஸ்.எச். கூடினால் தைரொயிட் கூடிவிட்டது எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அது, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி தைரொயிட்டுக்கு அனுப்பும் கட்டளை. வேலையாள் சோர்ந்தால் எசமானின் குரல் உயரும் அல்லவா? காரணம் உடலின் தாக்குதல்தானா என்பதை அறியப் பிறபொருளெதிரிப் பரிசோதனை உண்டு.

மருந்து தைரொக்சின் குளிசை. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீரும் சாப்பாடும். மரவள்ளியும் கோவாவும் விலக்கா என்று கேட்காதவர் இல்லை. அவித்து அளவோடு உண்டால் பயமில்லை.

சகோதரிகளே, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான். "வயிற்றிலே பிள்ளை இருக்கும்போது குளிசை கூடாது" என்று மாமியார் சொல்ல, தைரொக்சினை நிறுத்திவிடும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். முதல் மாதங்களில் சிசுவின் தைரொயிட் வேலை செய்யத் தொடங்குவதில்லை. அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஹோர்மோனைத் தாயே கொடுக்க வேண்டும். ஆகவே நிறுத்துவது எங்கே, பெரும்பாலும் அளவைக் கூட்டவே நேரிடும். கர்ப்பம் என்று தெரிந்தவுடனேயே வைத்தியரிடம் போங்கள். கிளினிக்கில் தரும் இரும்பு, கல்சியம் குளிசைகளைத் தைரொக்சினுடன் சேர்த்து விழுங்க வேண்டாம். அவை அதனை உடலில் சேரவிடாது. நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பிள்ளை பிறந்ததும் அளவு வழமையாகக் குறைக்கப்படும். ஆறு கிழமையில் மீண்டும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும்.